வாசகர் கேள்வி–பதில்: கிருமி கேட்டு வருபவர் யார்?

சென்ற முறை உயிரியல் ஆயுதத் தடை பற்றி ஒரு பதில் எழுதினேன். அதைத் தொட்டு வந்த கேள்விகள் மற்றவற்றைவிட அதிகம் என்பதால் இம்முறை முழுப் பக்கமும் அவற்றுக்கே.

ஐயா, நாட்டில் இருக்கிற பிரச்சினை போதாதா? கிருமி ஆயுதம் பற்றிக் கொழும்பில் இருக்கிற நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?
— புடைவைக் கடை உரிமையாளர், வெள்ளவத்தை

நாடு முதலிலேயே கவலைப்பட்டுவிட்டது. உயிரியல் ஆயுதங்கள் சமவாயம் கையெழுத்துக்குத் திறக்கப்பட்ட நாளிலேயே, 1972 ஏப்ரல் 10 அன்று, இலங்கை கையெழுத்திட்டது. ஏற்புறுதி செய்யத்தான் 1986 ஆயிற்று. நாங்கள் துறைமுகத்தாலும் விமான நிலையத்தாலும் பிழைக்கிற தீவு. 1914இல் பிளேக் நோய் கொழும்புக்குள் வந்தபோது அதை யாரும் ஏவிவிடவில்லை, இயற்கையாக வந்ததுதான். அதற்கே நகரம் பட்ட பாடு பெரிது. ஒருவர் வேண்டுமென்றே அனுப்பினால் தடுக்க வழி உண்டா என்று கேட்பது உங்கள் கடைக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட அவசியம் குறைந்ததல்ல.

கிருமியைக் கொண்டு ஒருவரைக் கொன்ற சம்பவம் எங்கள் பக்கத்து நாடுகளில் நடந்திருக்கிறதா?
— சட்ட மாணவர், பம்பலப்பிட்டி

நடந்திருக்கிறது. சட்டம் படிக்கிற நீங்கள் அந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும்.

1933 நவம்பர் 26. கல்கத்தாவுக்கு எதிரே ஹௌரா ரயில் நிலையம். பாகூர் ஜமீனின் வாரிசுகளில் ஒருவரான இளைஞர் அமரேந்திர சந்திர பாண்டே, உறவினர்களோடு ரயிலேற நடந்துகொண்டிருந்தார். கூட்டத்தில் ஒருவன் உரசிக்கொண்டு போனான். கையில் சுருக்கென்று ஏதோ குத்தியது. சில நாளில் காய்ச்சல், கை வீக்கம். டிசம்பர் 4 அன்று இறந்தார். இரத்தத்தைச் சோதித்தபோது இருந்தது பிளேக் கிருமி. பிளேக் இல்லாதிருந்த நகரத்தில், ஒரே ஒருவருக்கு மட்டும் பிளேக்.

துப்பு பம்பாய்வரை போயிற்று. அமரேந்திரருக்கும் அவருடைய மாற்றாந்தாய் மகனான அண்ணன் வினயேந்திரருக்கும் சொத்துத் தகராறு. அண்ணனின் நண்பர் தாராநாத் பட்டாச்சார்யா கிருமியியல் தெரிந்த மருத்துவர். பிளேக்குக்கு மருந்து கண்டுபிடித்திருக்கிறேன், சோதித்துப் பார்க்கக் கிருமி வேண்டும் என்று பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு முதலில் எழுதியவர் அவர்தான். வங்காளத்துத் தலைமை மருத்துவ அதிகாரியின் அனுமதியோடு வா என்று நிறுவனம் பதில் அனுப்பிவிட்டது. அவர் விடவில்லை. அடுத்த ஆண்டு பம்பாய்க்கே போய், பெரிய மனிதர்களின் சிபாரிசோடு ஆர்தர் ரோட்டில் இருந்த தொற்றுநோய் மருத்துவமனைக்குள் நுழைந்தார். அங்கே பிளேக் கிருமியோடு வேலை செய்ய அவருக்கு இடம் கிடைத்தது.

1935இல் இருவருக்கும் மரண தண்டனை. 1936இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் கால நாடுகடத்தலாக மாற்றியது. குற்றம் சாட்டப்பட்ட வேறு இரு மருத்துவர்கள் விடுதலையானார்கள்.

நான் இந்த வழக்கில் திரும்பத் திரும்பப் பார்ப்பது கொலைகாரர்களை அல்ல, ஹாஃப்கின் நிறுவனம் அனுப்பிய அந்த முதல் பதிலை. அப்போது சர்வதேச ஒப்பந்தத்தில் இருந்தது 1925ஆம் ஆண்டின் ஜெனீவா நெறிமுறை மட்டும். அதுவும் போரில் கிருமியைப் பயன்படுத்தாதே என்றதே தவிர, வைத்திருக்காதே என்று சொல்லவில்லை. ஆனாலும் ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர், “உனக்கு அனுமதி தந்தது யார்?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி கொலையை ஓராண்டு தள்ளிப்போட்டது. சிபாரிசைப் பார்த்து இன்னொரு கதவு திறந்தபோது அந்த ஓராண்டும் வீணாயிற்று. இன்று உலக நாடுகள் ஜெனீவாவில் ஆண்டுக்கணக்காகப் பேசுவதன் சாரம் இதுதான்: எல்லாக் கதவிலும் அதே கேள்வி கேட்கப்பட வேண்டும்.

உயிரியல் ஆயுதச் சமவாயத்தை நடத்த ஜெனீவாவில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?
— வங்கி ஊழியர், தெகிவளை

நான்கு பேர். 2022வரை மூன்று பேர். ஹேக் நகரில் இரசாயன ஆயுதத் தடைக்கு இருக்கும் அமைப்பில் ஏறத்தாழ 500 பேர். ஆலைகளுக்குள் போய்ச் சோதிக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. ஜெனீவாவில் இருக்கும் நால்வருக்கு அந்த அதிகாரம் இல்லை. 190ஐ நெருங்கும் நாடுகள் உறுப்பினராக உள்ள ஓர் ஒப்பந்தத்துக்கு இது போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சோதிக்க ஆளில்லாத ஒப்பந்தத்தை யார் மதிப்பார்கள்? ஒரு நாடு களவு செய்தால் எப்படித் தெரியவரும்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கொட்டாஞ்சேனை

சில வேளை பிணம் விழுந்த பிறகுதான் தெரியவரும். சோவியத் ஒன்றியம் இந்தச் சமவாயத்தைப் பெற்ற தாய்தகப்பன்களில் ஒன்று. 1979 ஏப்ரலில் அதன் சுவர்த்லோவ்ஸ்க் நகரில், இராணுவ ஆய்வுகூடத்திலிருந்து அந்திராக்ஸ் கிருமி காற்றில் கலந்து குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்டுப்போன இறைச்சி சாப்பிட்டவர்கள் என்று அரசு சொன்னது. 1992இல் ரஷ்ய ஜனாதிபதி யெல்ட்சின்தான் இராணுவமே காரணம் என்று ஒப்புக்கொண்டார். இடையில் பதின்மூன்று வருடம், அழுத தாய்மாருக்குப் பொய்தான் பதில்.

இதைத் திருத்தத்தான் சோதனை முறை ஒன்றைச் சேர்க்க 1995இலிருந்து பேசினார்கள். 2001இல் அமெரிக்கா அந்த வரைவை ஏற்க மறுத்து வெளியேறியது. தன் மருந்துக் கம்பனிகளின் இரகசியம் வெளியே போகும், களவு செய்பவனும் அகப்படமாட்டான் என்பது அதன் வாதம். வாதத்தின் இரண்டாம் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. தடுப்பூசி தயாரிக்கிற கலன் வேறு, ஆயுதம் தயாரிக்கிற கலன் வேறு அல்ல. ஏவுகணையைப்போல எண்ணிப் பார்க்க முடியாது. ஆனால் முழுதாகப் பிடிக்க முடியாது என்பதற்காகப் பார்க்கவே வேண்டாம் என்று விட்டது பெரும் பிழை. இருபது வருடத்துக்கு மேலாகியும் அந்தக் குழியிலிருந்து உலகம் ஏறவில்லை.

குற்றம் சாட்ட வழிகள் உண்டு. 1997இல் கியூபா, அமெரிக்க விமானம் ஒன்று தன் வயல்களில் இலைப்பேனைத் தூவியது என்று முறையிட்டது. ஜெனீவாவில் கூடினார்கள், முடிவுக்கு வரமுடியவில்லை. 2022இல் உக்ரேனில் அமெரிக்க உதவியுடன் ஆயுத ஆராய்ச்சி நடப்பதாக ரஷ்யா பாதுகாப்புச் சபைக்குப் போனது; விசாரணைக் குழு அமைக்கும் தீர்மானத்துக்கு ஆதரவாக விழுந்தவை ரஷ்யா, சீனா ஆகியவற்றின் இரண்டு வாக்குகள்; எதிராக மூன்று; பத்து நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. நடுநிலையான சோதனை அமைப்பு இருந்திருந்தால் உண்மையான குற்றச்சாட்டும் நிரூபிக்கப்பட்டிருக்கும், பொய்க் குற்றச்சாட்டும் ஒரு மாதத்தில் செத்திருக்கும்.

நுகேகொடையில் நுளம்பு விட்டார்களே, அது வெளிநாட்டுக்காரர்களின் பரிசோதனை என்று வட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா?
— இல்லத்தரசி, இரத்மலானை

நுளம்பு விட்டது உண்மை. பயமுறுத்துகிற கதை உண்மையல்ல, அம்மா. வொல்பாகியா என்பது பல பூச்சிகளின் உடலில் இயற்கையாகவே வாழும் பக்டீரியா. டெங்கு நுளம்புக்குள் அது இருந்தால் டெங்கு வைரசு அங்கே எளிதில் பெருகாது. அத்தகைய நுளம்புகளை 2020இல் சுகாதாரத் துறையோடு சேர்ந்து உலக நுளம்பு நிகழ்ச்சித் திட்டம் விட்டது. 2017இல் இந்த நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்குவில் விழுந்தார்கள், 400க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடம் வைத்தியசாலை வராந்தாவில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கிடந்த தாய்மார் பலர் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள்.

ஆனால் உங்கள் சந்தேகத்தை நான் தட்டிவிட மாட்டேன். அதற்கு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் டெல்லியில் நுளம்புகளை மலடாக்கிக் கட்டுப்படுத்தும் ஆய்வு நடத்தின. பணம் அமெரிக்காவிடமிருந்து வந்தது. மலேரியா நுளம்பை விட்டுவிட்டு, இந்தியாவில் இல்லாத மஞ்சள் காய்ச்சலைப் பரப்பக்கூடிய நுளம்பை ஏன் ஆராய்கிறார்கள் என்று பத்திரிகைகள் கேட்டன. பாராளுமன்றக் குழு விசாரித்தது. 1975இல் திட்டமே மூடப்பட்டது. அதே குழுவின் விசாரணையில் பறவைகள் இடம்பெயர்வது பற்றிய ஆய்வும் அகப்பட்டது. வேதாரணியத்துக்குப் பக்கத்துக் கோடிக்கரையில் பறவைகளுக்கு வளையம் மாட்டியவர்களையும் அந்தச் சந்தேகம் தொட்டது. கோடிக்கரையில் ஓய்ந்து மன்னாருக்குப் பறக்கிற பறவைகள், யோசித்துப் பாருங்கள்.

டெல்லியில் ஆயுதம் தயாரித்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் நல்லதாக முடிந்திருக்கக்கூடிய ஓர் ஆய்வு அழிந்தது. காரணம், யார் பணம், என்ன நோக்கம், முடிவுகள் யாரிடம் போகும் என்பதை மக்களிடம் முன்கூட்டிச் சொல்லாதது. நுகேகொடையில் மக்களிடம் விளக்கிவிட்டுத்தான் விட்டார்கள். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. உங்களுக்கு வந்த செய்தியை அனுப்பியவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை உனக்கு அனுப்பியது யார்?

எங்கள் பூர்வீகம் ஹட்டன். யுத்த காலத்தில் தேயிலைக்கு நோய் பரப்பப் போவதாகத் தமிழ் இயக்கங்களின் பெயரில் மிரட்டல் வந்தது என்று ஒரு புத்தகத்தில் வாசித்தேன். அப்படி நடந்ததா?
— அச்சக ஊழியர், கொட்டாஞ்சேனை

மிரட்டல் பதிவாகியிருக்கிறது. நோய் எதுவும் பரப்பப்படவில்லை. 1980களில் அப்படி ஓர் அறிக்கை வந்ததாகப் பாதுகாப்பு ஆய்வாளர்களின் நூல்கள் சொல்கின்றன: ஆற்று நத்தையால் நோய், மஞ்சள் காய்ச்சல், இறப்பருக்கும் தேயிலைக்கும் இலைநோய். அதைச் செய்யும் வசதி யாரிடமும் இருந்ததற்குச் சான்று இல்லை.

அதை எழுதியவர் யாராக இருந்தாலும் ஒன்றை யோசிக்கவில்லை. தேயிலைக்கு நோய் வந்தால் முதலில் அடுப்பணைவது யாருடைய லயத்தில்? உங்கள் பாட்டியின் லயத்தில். பயிரைத் தாக்கும் ஆயுதம் மனிதரைத் தாக்காது என்பவர்களுக்கு மலையகம்தான் பதில். 1869இல் இந்தத் தீவில் கோப்பிச் செடியின் இலையில் துரு நோய் தெரிந்தது. காலப்போக்கில் கோப்பித் தோட்டங்கள் சரிந்தன. அந்த இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்குக் காலத்துக்குக் காலம் ஆள் வந்து போனால் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் குடும்பமாகத் தங்கினார்கள். அந்தப் பூஞ்சையை யாரும் ஏவவில்லை. ஆனாலும் ஒரு மக்கள் கூட்டத்தின் இருநூறு வருடக் கதையை அது திருப்பிப் போட்டது.

அமெரிக்கா ஒரு காலத்தில் கோதுமைத் துரு நோயையும் நெல்லின் எரிபந்த நோயையும் ஆயுதமாகச் சேமித்து வைத்திருந்தது. 1969 நவம்பரில் ஜனாதிபதி நிக்சன் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். பின்பு சேமிப்பு அழிக்கப்பட்டது. நெல்லின் எரிபந்தத்தை ஆயுதமாக வைத்திருந்தவர்களின் மனதில் இருந்தது யாருடைய சோற்றுப் பானை என்று கேட்க ஆசியர்களான எங்களுக்கு உரிமை உண்டு.

ஒத்துழைப்பு வென்ற இடமும் இதே துறையில்தான். இறப்பரைத் தென்னமெரிக்காவில் அழித்த இலைக்கருகல் நோய் ஒன்று உண்டு. அமேசானில் ஹென்றி ஃபோர்டு கோடிகளைக் கொட்டிய தோட்டத்தையே அது தோற்கடித்தது. எங்கள் இறப்பரெல்லாம் 1876இல் ஹேனரத்கொடைக்கு வந்த கன்றுகளின் வழியும் அதே காலத்து விதைகளின் வழியும்தான்; எல்லாம் நெருங்கிய சொந்தம், ஒன்று விழுந்தால் எல்லாம் விழும். ஆசிய பசுபிக் நாடுகள் 1956இல் செய்த தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையில் இந்த ஒரு நோய்க்கென்றே தனி ஏற்பாடு செய்யப்பட்டது. இன்றுவரை அந்த நோய் ஆசியாவுக்குள் வரவில்லை. களுத்துறையில் பால் வெட்டுகிறவர் அந்த உடன்படிக்கையின் பெயரைக் கேட்டிருக்கமாட்டார். அவருடைய அன்றாடக் கூலியில் அது இருக்கிறது.

எங்கள் வளவில் ஆமணக்கு நிற்கிறது. அதிலிருந்து நஞ்சு எடுப்பார்களாமே, வெட்டிவிடவா?
— வாசகர், கல்கிசை

வேண்டாம். விதையைச் சின்னப் பிள்ளைகளின் வாய்க்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். 1978இல் இலண்டனில் பல்கேரிய எழுத்தாளர் மார்கோவைக் கொன்றது அந்த நஞ்சுதான் என்பது பொதுவான முடிவு. இரசாயன ஆயுதத் தடை, உயிரியல் ஆயுதத் தடை இரண்டுக்குள்ளும் அது வருகிறது. தடை மனிதரின் நோக்கத்துக்கு, மரம் பாவம்.

கொரோனா ஆய்வுகூடத்திலிருந்து வந்ததா, சந்தையிலிருந்து வந்ததா? ஒரே சொல்லில் சொல்லுங்கள்.
— ஆட்டோ ஓட்டுநர், வெள்ளவத்தை

தீரவில்லை. உலக சுகாதார நிறுவனம் அமைத்த நிபுணர் குழு 2025 ஜூனில் சொன்னதும் அதுதான். சீனாவிடம் கேட்ட தகவல்கள் முழுதாக வரவில்லை என்றும் சொன்னது. தகவலை மறைக்கும் நாடு குற்றவாளியாக இல்லாவிட்டாலும் அடுத்த பெருந்தொற்றுக்கு வழிவிடுகிறது. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை.

மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். நுண்ணுயிரியல் படிக்கப் போகிறேன் என்கிறாள். கொம்பியூட்டரில் வைரசையே எழுதிச் செய்யலாம் என்கிற காலம். பயமாக இருக்கிறது.
— தாய், வெள்ளவத்தை

அனுப்புங்கள், அம்மா. நல்ல பிள்ளைகள் ஒதுங்கினால் அந்தத் துறை யார் கையில் போகும்?

நீங்கள் கேள்விப்பட்டது சரி. 2002இலேயே போலியோ வைரசை, அதன் மரபுக் குறியீட்டை மட்டும் பார்த்து ஆய்வுகூடத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். இன்று டி.என்.ஏ. துண்டுகளைக் கம்பனிகளிடம் கட்டளையிட்டுத் தபாலில் பெறலாம். கட்டளை இடுபவர் யார், கேட்கிற வரிசை ஆபத்தான கிருமியுடையதா என்று பொறுப்பான கம்பனிகள் சோதிக்கின்றன. எல்லாக் கம்பனிகளும் சோதிப்பதில்லை. பல நாடுகளில் அதைக் கட்டாயமாக்கும் சட்டமும் இல்லை. ஹாஃப்கின் நிறுவனம் கேட்ட கேள்வியை ஒரு கம்பனி கேட்டு அடுத்த கம்பனி கேட்காவிட்டால், பாகூர் வழக்கின் இரண்டாவது கதவு மறுபடி திறக்கும். இந்தச் சோதனையை உலகம் முழுவதும் ஒரே அளவாக்க 2024இல் ஜெனீவாவில் தனி அமைப்பு ஒன்று தொடங்கப்பட்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவை உருவாக்குபவர்களும் அதே கேள்விக்குக் கட்டுப்பட வேண்டும்.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். கொவிட் காலத்தில் இந்த நாட்டில் எந்தத் திரிபு பரவுகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னது ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் நீலிகா மாலவிகேயும் அவருடைய குழுவும். உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். சமவாயத்தின் பத்தாம் உறுப்புரை, அமைதி நோக்கத்துக்கான உயிரியல் அறிவை நாடுகள் பகிர வேண்டும் என்கிறது. பணக்கார நாடுகள் அந்த உறுப்புரையை மெதுவாகத்தான் வாசிக்கின்றன. தடையை மட்டும் எங்களிடம் கேட்டுவிட்டு, கருவியையும் பயிற்சியையும் தராமல் விடுவது நியாயமில்லை.

சாதாரண ஆள் நான். என்னால் என்ன செய்ய முடியும்?
— ஹோட்டல் ஊழியர், கல்கிசை

காய்ச்சல் வந்தால் மறைக்காதீர்கள். தொற்றுநோய் என்று சந்தேகித்தால் வைத்தியர் எச்-544 படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும், பிறகு பி.எச்.ஐ. உங்கள் வாசலுக்கு வருவார். அவரைத் தொல்லையாக நினைக்காதீர்கள். 1984இல் அமெரிக்காவின் ஓரிகனில், ரஜனீஷ் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர் உள்ளூர்த் தேர்தலை வெல்வதற்காக உணவகச் சலாதில் கிருமி கலந்து 751 பேரை நோயாளியாக்கினார்கள். ஓராண்டுவரை, உணவகப் பணியாளர்கள் கை கழுவாததே காரணம் என்று அதிகாரிகள் நம்பினார்கள். உங்களைப்போன்ற ஹோட்டல் தொழிலாளிகள் செய்யாத பழியைச் சுமந்தார்கள். இயற்கை நோயோ ஏவிய நோயோ, முதலில் கண்ணில் படுவது ஒரே இடத்தில்: ஒரு வாரத்தில் ஒரு பகுதியில் வழமைக்கு மாறாகக் கூடும் எண்ணிக்கையில். அந்த எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டுமென்றால் நீங்கள் மறைக்கக்கூடாது, படிவம் மேசையில் தூங்கக்கூடாது.

இனி ஜெனீவாவில் என்ன நடக்கும்? இலங்கை என்ன கேட்க வேண்டும்?
— பத்திரிகைத்துறை மாணவி, கொட்டாஞ்சேனை

2022இல் அமைத்த செயற்குழு ஒன்று சோதனை முறை, அறிவியல் ஆலோசனை, ஒத்துழைப்பு நிதி பற்றிப் பேசிவருகிறது. 2024 டிசம்பரில் இரண்டு விடயங்களில் இணக்கம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்து நழுவியது. எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பதால் ஒரு நாடு தலையாட்டாவிட்டாலே போதும். அடுத்த மறுஆய்வு மாநாடு 2027க்குள் கூட வேண்டும்.

இந்தத் துறையில் இலங்கைக்குக் குரல் உண்டு. ஜயந்த தனபால 1995இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அந்த ஒப்பந்தம் காலவரையின்றி நீடிக்கும் முடிவுக்கு நாடுகளைக் கொண்டுவந்தார். 1998 முதல் 2003வரை ஐ.நா.வின் ஆயுதக் களைவுத் துறையையும் நடத்தினார். இரசாயன ஆயுதத் தடைக்கு இலங்கை 2007இல் தனிச் சட்டம் இயற்றியது. உயிரியல் பக்கத்துக்கும் அதே உறுதி வேண்டும்: ஆபத்தான கிருமி எந்த ஆய்வுகூடத்தில், யார் பொறுப்பில் இருக்கிறது என்ற பதிவேடு, அதைக் கேட்டு வருபவரிடம் கேள்வி கேட்கும் அதிகாரி, பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்குப் போதிய பணம். நீங்கள் பத்திரிகைத்துறை மாணவி. உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரிடம் இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அடுத்த பக்கத்தில் போடுகிறேன்.